கண் இல்லாத புல்டோசருக்குக் கண் கொடுத்த கம்பெனி!

மண்ணைத் தள்ளும் புல்டோசர் பெரிய பலசாலி. நூறு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத மண் மேட்டை, அது ஒரே மூச்சில் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. எதுவரை தள்ள வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

பலம் இருக்கிறது, கண் இல்லை!

நெடுங்காலமாக அதற்குக் கண்ணாக இருந்தவை மர முளைகள். சாலை போடும் இடத்துக்கு முதலில் சர்வேயர் வருவார். முக்காலியின் மேல் லெவல் கருவியை வைத்துப் பார்ப்பார். தூரத்தில் ஓர் ஆள் அளவுக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கணக்குப் பார்த்து வரிசையாக முளை அடிப்பார்கள். "இங்கே ஓர் அடி வெட்டு", "இங்கே அரை அடி கொட்டு" என்று முளையிலேயே எழுதி வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் புல்டோசர் வரும்.

வந்த புல்டோசர் சும்மா இருக்குமா? திரும்பும்போது இரண்டு முளையைச் சாய்த்துவிடும். மறுபடியும் சர்வேயரைக் கூப்பிட வேண்டும். அவர் வரும்வரை வேலை நிற்கும். டீசல் எரியும். கூலி ஏறும்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றலாம். ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் அகலம், 1 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை. அதில் ஜல்லியை வேண்டியதைவிட ஓர் அங்குலம் கூடுதலாகக் கொட்டிவிட்டார்கள். ஓர் அங்குலம்தானே! ஆனால் அந்த ஓர் அங்குலத்துக்கு ஆன ஜல்லி 250 கன மீட்டர். லாரிக்கு 10 கன மீட்டர் என்று வைத்தால் 25 லாரி ஜல்லி! அத்தனையும் மலையை உடைத்துக் கொண்டு வந்தது. குறைவாகக் கொட்டினாலோ, சாலை சீக்கிரம் உடைந்து போகும்.

இந்த ஓர் அங்குலத்தை நம்பி ஒரு கம்பெனி வளர்ந்தது. அமெரிக்காவில் பிறந்த அந்தக் கம்பெனியின் பெயர் டிரிம்பிள். அது புல்டோசர் செய்வதில்லை. கிரேன் செய்வதில்லை. பிறர் செய்த இயந்திரத்துக்கு அளவு சொல்லிக் கொடுப்பதுதான் அதன் பெரிய தொழில்களில் ஒன்று. 2024-ம் ஆண்டில் அதன் மொத்த வியாபாரம் சுமார் 368 கோடி டாலர்! சென்னையிலும் அதன் பொறியாளர்கள் வேலை செய்கிறார்கள்.

அந்த வளர்ச்சி நியாயமான வளர்ச்சி. அதை மனம் விட்டுப் பாராட்டலாம். ஆனால் அதோடு கூடவே ஒரு கேள்வியும் வளர்ந்து நிற்கிறது. அளவுகோல் யார் கையில் இருக்க வேண்டும்?

பெரியவர் வேண்டாம் என்றது

கலிபோர்னியா மாகாணத்தில் லாஸ் ஆல்டோஸ் என்று ஓர் ஊர். 1978-ம் ஆண்டில் சார்லஸ் டிரிம்பிள் என்பவர் அங்கே இந்தக் கம்பெனியை ஆரம்பித்தார். ஹியூலட் பாக்கார்டு என்ற பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். அங்கிருந்த இரண்டு பேர் கூட்டாளிகளாகச் சேர்ந்தார்கள்.

முதலில் அவர்கள் செய்தது கப்பலுக்கான கருவி. கரையில் உள்ள கோபுரங்களிலிருந்து ரேடியோ அலைகள் வரும். அவற்றை வைத்துக் கடலில் தாங்கள் இருக்கும் இடத்தை மாலுமிகள் தெரிந்துகொள்வார்கள். அதற்கு லோரான் என்று பெயர்.

அதே 1978-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமெரிக்க ராணுவம் ஒரு செயற்கைக் கோளை வானத்துக்கு அனுப்பியது. ஜி.பி.எஸ். என்று இன்று சிறுவர்களுக்கும் தெரிந்த ஏற்பாட்டின் முதல் கோள் அதுதான். ஹியூலட் பாக்கார்டு கம்பெனியும் அந்த அலைகளைப் பிடிக்கும் கருவியைச் செய்து பார்த்தது. பிறகு, 'இது நமக்கு வேண்டாம்' என்று விட்டுவிட்டது. அந்த ஆராய்ச்சியை டிரிம்பிள் விலை கொடுத்து வாங்கினார்!

அப்போது வானத்தில் இருந்த கோள்கள் ஒரு சில. ஒரு நாளில் சில மணி நேரம்தான் போதுமான கோள்கள் தலைக்கு மேல் வரும். சில நாட்களில் அது நடு இரவாக இருக்கும். நில அளவைக்காரர்கள் தூங்காமல் விழித்திருந்து அளந்தார்கள். இப்படிப்பட்ட கருவியை யார் வாங்குவார்கள் என்று பலர் நினைத்திருக்கலாம். 1984-ம் ஆண்டில் டிரிம்பிள் தன் முதல் ஜி.பி.எஸ். கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. வாங்கினார்கள்! மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இடத்தை, மலை ஏறாமலே அளக்க முடிந்தால் சர்வேயர் விடுவாரா?

இதற்கு நடுவே ஒரு துயரம் நடந்தது. 1983 செப்டம்பர் 1-ந் தேதி, கொரிய விமானம் ஒன்று வழி தவறி சோவியத் எல்லைக்குள் போய்விட்டது. அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேர் மாண்டார்கள். அதன் பிறகு, ஜி.பி.எஸ். தயாரானதும் உலக மக்கள் எல்லோரும் அதை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் அரசாங்கம் அறிவித்தது. இன்று கோடிக்கணக்கான டாலர் புரளும் இந்தத் தொழிலுக்கு அந்த அறிவிப்பே பெரிய அஸ்திவாரம்.

1990-ல் கம்பெனி தன் பங்குகளைப் பொது மக்களுக்கு விற்றது. மறு ஆண்டே வளைகுடாப் போர் வந்தது. பாலைவனத்தில் மரமில்லை; மைல் கல் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் மணல். அமெரிக்கச் சிப்பாய்கள் டிரிம்பிள் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு வழி கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கில் கருவிகள் போயின. கம்பெனியின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது.

போரினால் வரும் வியாபாரம் போரோடு போய்விடும். நிலைத்து நிற்க வேறு வாடிக்கையாளர் வேண்டும். அந்த வாடிக்கையாளர் வானத்திலும் இல்லை, கடலிலும் இல்லை. மண்ணில் இருந்தார்.

டேட்டன் நகரத்து ஒளித்தட்டு

இந்த இடத்தில் கதை வேறோர் ஊருக்குப் போகிறது. ஒஹையோ மாகாணத்தில் டேட்டன் என்ற நகரம். ஆகாய விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களின் ஊர்.

1960-ம் ஆண்டில் லேசர் ஒளி கண்டுபிடிக்கப்பட்டது. அது சிதறாமல் நேராகப் போகும் ஒளி. 'இதை வைத்து என்ன செய்வது?' என்று விஞ்ஞானிகளே யோசித்துக்கொண்டிருந்த காலம். டேட்டன் நகரில் இருந்தவர்கள் ஒரு வேலை செய்தார்கள். லேசர் விளக்கை முக்காலியின் மேல் வைத்துப் பம்பரம் போலச் சுழலவிட்டார்கள். அப்படிச் சுழலும்போது வயல் முழுவதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளித்தட்டு விரிந்து நிற்கும். கொத்தனாரின் ரசமட்டம் ஒரு முழ நீளம். இது பல நூறு அடிக்குப் பரந்த ரசமட்டம்!

இயந்திரத்தின் மேல் ஒரு கம்பு. கம்பில் ஒளியைப் பிடிக்கும் கண். இயந்திரம் பள்ளத்தில் இறங்கினால், ஒளி அந்தக் கண்ணின் மேல் பக்கத்தில் படும். உடனே தகடு தானாக உயரும். மேட்டில் ஏறினால், தானாகத் தாழும்.

முதலில் இது சாலைக்கு வரவில்லை. உழவர்களுக்குத்தான் வந்தது. ஒஹையோவில் பல வயல்களில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். அதற்காக மண்ணுக்குள் குழாய் புதைப்பார்கள். குழாய் மிகக் கொஞ்சமாகச் சரிய வேண்டும். சரிவு தவறினால் தண்ணீர் ஓடாது. மண்ணுக்குள் போய்விட்ட குழாயைத் திரும்பத் தோண்டிப் பார்க்கவும் முடியாது. அந்தக் கஷ்டத்தை லேசர் தீர்த்தது.

டேட்டன் நகரத்துத் தொழில் கைமாறி, கடைசியில் ஸ்பெக்ட்ரா பிரிசிஷன் என்ற கம்பெனிக்குள் வந்தது. சுவீடன் தேசத்தில் ஒளியைக் கொண்டு தூரம் அளக்கும் கருவி செய்தவர்களும், ஜெர்மனியில் சைஸ் கம்பெனியின் நில அளவைக் கருவி செய்தவர்களும் அதே குடையின் கீழ் வந்து சேர்ந்திருந்தார்கள்.

2000-ம் ஆண்டில் டிரிம்பிள் அந்த ஸ்பெக்ட்ரா பிரிசிஷனை விலைக்கு வாங்கியது. விலை சுமார் 29 கோடி டாலர். டிரிம்பிளின் ஓராண்டு விற்பனைக்கு ஏறக்குறையச் சமமான தொகை! பூனை யானையை விழுங்கியது என்று சொல்ல முடியாவிட்டாலும், பூனை இன்னொரு பூனையை விழுங்கியது என்று சொல்லலாம். அதற்கு முந்தின ஆண்டுதான் ஸ்டீவன் பெர்க்லண்டு என்பவர் டிரிம்பிளின் தலைவராகியிருந்தார். அவர் அதற்கு முன் எங்கே இருந்தார்? அதே ஸ்பெக்ட்ரா பிரிசிஷனில்தான்!

அது வெறும் கருவிகளை வாங்கியது அல்ல. சாலை போடும் காண்டிராக்டரின் பாஷை தெரிந்த ஆட்களை வாங்கியது. வானத்து அலைகளைப் பற்றி டிரிம்பிளுக்குத் தெரியும். சேற்றில் நிற்கும் கிரேடர் ஓட்டுநருக்கு என்ன வேண்டும் என்று டேட்டன்காரர்களுக்குத் தெரியும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது.

லேசர் கொடுப்பது ஒரே சமமான தட்டு. வளைவும் ஏற்றமும் உள்ள சாலைக்கு அது போதாது. ஜி.பி.எஸ். எந்த வளைவையும் காட்டும். ஆனால் உயரத்தை அளப்பதில் சற்றுத் தடுமாறும். இரண்டும் சேர்ந்தபோதுதான் இயந்திரத்துக்கு முழுப் பார்வை வந்தது.

2002-ம் ஆண்டில் இன்னொரு திருமணம் நடந்தது. புல்டோசர் செய்வதில் உலகப் புகழ் பெற்ற கேட்டர்பில்லர் கம்பெனியும் டிரிம்பிளும் ஆளுக்குப் பாதி என்று ஒரு கூட்டுக் கம்பெனி தொடங்கின. அதுவும் டேட்டன் நகரத்தில்தான். அதுவரை, இயந்திரத்தை வாங்கிய பிறகுதான் அளவுக் கருவியை மாட்டுவார்கள். அதன் பிறகு, கருவி மாட்டுவதற்கு ஏற்றபடியே இயந்திரம் தொழிற்சாலையிலிருந்து வெளிவர வழி பிறந்தது. ஜப்பானில் டாப்கான் முதலிய போட்டியாளர்களும் சும்மா இருக்கவில்லை. 2013-ல் கோமாட்சு கம்பெனி, தகட்டைத் தானே கட்டுப்படுத்தும் புல்டோசரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. போட்டி இருப்பது நல்லது. இல்லாவிட்டால் விலை இறங்காது.

எப்படி அளக்கிறது?

தலைக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. 'இப்போது மணி இத்தனை' என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி கீழே வந்து சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். நான்கு கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும்.

கேட்பதற்கு எளிது. ஆனால் ரேடியோ அலை ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால், தரையில் 300 மீட்டர் தவறிவிடும்! அதனால் ஒரு தந்திரம் செய்கிறார்கள். சரியான இடம் முன்பே தெரிந்த ஒரு புள்ளியில் ஒரு கருவியை அசையாமல் நிறுத்தி வைக்கிறார்கள். 'வானம் இப்போது இவ்வளவு தவறாகச் சொல்கிறது' என்று அது கண்டுபிடித்து, ரேடியோ மூலம் புல்டோசருக்குச் சொல்லும். புல்டோசர் அந்தத் தவறைக் கழித்துக்கொள்ளும். கடைசியில் மிஞ்சும் பிழை ஏறக்குறைய ஓர் அங்குலம்.

ஓட்டுநருக்கு முன்னால் ஒரு திரை. எந்த இடத்தில் வெட்ட வேண்டும், எந்த இடத்தில் கொட்ட வேண்டும் என்று அதில் வண்ணத்தில் தெரியும். தோண்டும் இயந்திரமாக இருந்தால், அதன் கையில் தோள், முழங்கை, மணிக்கட்டு போன்ற மூட்டுகள் ஒவ்வொன்றிலும் சாய்வு அளக்கும் கருவி இருக்கும். வாளியின் பல் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலும், அது எங்கே இருக்கிறது என்று திரையில் பார்க்கலாம்.

திரை சொல்வதைச் சரிபார்ப்பது யார்?

இயந்திரத்தின் பக்கத்தில் அளவுக் கம்போடு நின்ற ஆளுக்கு இப்போது வேலை குறைந்துவிட்டது. இதில் ஒரு நன்மையை மறுக்கக் கூடாது. பின்னால் வரும் இயந்திரத்தின் ஓட்டுநருக்கு, குனிந்து முளை பார்க்கும் ஆள் தெரியமாட்டார். அப்படி உயிரை இழந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த இடத்தில் மனிதர் நிற்க வேண்டியதில்லை என்பது பெரிய லாபம். பிள்ளை குட்டிக்காரர் மாலையில் வீடு திரும்புவார்.

ஆனால் அவர் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே! 25 லாரி ஜல்லி மிச்சமானால், அந்த மிச்சத்தில் ஒரு பங்கு அவருக்கு வேறு வேலை கற்றுக்கொடுப்பதற்குப் போக வேண்டும். திரையைப் பார்க்கவும், தரைக் கருவியை நிறுத்தவும், கணக்கைச் சரிபார்க்கவும் அவரால் கற்றுக்கொள்ள முடியும். பல ஆண்டுகள் முளையோடு பழகியவருக்கு மேடும் பள்ளமும் புதிதல்ல. அவரை வெளியே அனுப்பிவிட்டு, மண்ணையே பார்த்தறியாத ஒருவரைத் திரையின் முன் உட்கார வைப்பது சிக்கனம் அல்ல.

ஓட்டுநரின் விஷயமும் அப்படித்தான். நல்ல ஓட்டுநர், உட்கார்ந்திருக்கும் இருக்கையின் அசைவிலேயே தரையின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லிவிடுவார். அந்தத் தேர்ச்சிக்குப் பத்து வருஷம் ஆகும். புதிய கருவி வந்தால், சில மாதம் பழகியவரும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறார். முதலாளிகளுக்கு இது இனிக்கிறது. 'இனி அதிகச் சம்பளக்காரர் எதற்கு?' என்று சிலர் கேட்கிறார்கள்.

எதற்கு என்றால், திரை தவறும் நாளுக்காக!

கருவி பொய் சொல்லாது என்று நினைப்பது தப்பு. முக்காலியில் ஒரு மாடு முட்டினால் போதும். ஏரியல் கம்பு மரக்கிளையில் இடித்து வளைந்தால் போதும். பழைய வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டாலும் போதும். இயந்திரம் கொஞ்சமும் தயங்காது. தவறான சாலையை அங்குல சுத்தமாக வெட்டிக்கொண்டே போகும். அப்போது, 'தண்ணீர் இந்தப் பக்கம் அல்லவா ஓட வேண்டும்? சரிவு ஏன் அந்தப் பக்கம் போகிறது?' என்று சந்தேகப்பட அனுபவம் உள்ளவர் வேண்டும். அவர் நிறுத்தச் சொல்லும் ஒரு நிமிஷத்துக்கே அவருடைய ஒரு வருஷச் சம்பளம் தகும்.

இதைவிடப் பெரிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. இந்த இயந்திரங்கள் வேலை செய்வதோடு நிற்பதில்லை. போகும் வழியெல்லாம் தரை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பதிந்துகொண்டே போகின்றன. எவ்வளவு மண் வெட்டப்பட்டது என்ற கணக்கும் அதிலிருந்தே வருகிறது. மண் கணக்கு என்றால் பணக் கணக்கு. பொதுப் பணமாக இருந்தால் அது ஊராரின் வரிப்பணம்.

அந்தக் காலத்தில் மண் வெட்டும் இடத்தில் நடுவே ஒரு மண் திட்டை வெட்டாமல் விட்டுவைப்பார்கள். அளந்து முடிக்கும்வரை அதைத் தொட மாட்டார்கள். எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்பதற்கு அந்தத் திட்டே சாட்சி. குழந்தைகூட அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இன்று சாட்சி கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்தவர் காண்டிராக்டரின் ஆள்.

வெட்டுபவரே அளந்து, அளந்தவரே பில் எழுதினால் சரியாகுமா? இயந்திரத்தின் கணக்கை ஏற்றுக்கொள்ளலாம். அது மனிதர் கணக்கைவிடச் சுத்தமாகவே இருக்கும். ஆனால், வேலையைக் கொடுத்த அரசாங்கம் தன் சொந்த ஆளை, தன் சொந்தக் கருவியோடு அனுப்பி, பத்து இடத்திலாவது அளந்து பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு கொஞ்சம். செலவை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி அந்த ஆளின் பதவியை எடுத்துவிடுவது, கடைக்காரரிடமே தராசையும் கொடுத்து, கல்லாவையும் ஒப்படைத்துவிட்டு வருவதற்குச் சமம்.

டேப்புக்கு யாராவது சந்தா கட்டுவார்களா?

ஒரு சர்வேயர் முன்பு டேப் வாங்கினால், அது கிழியும்வரை அவருடையது. லெவல் கருவி வாங்கினால், பேரன் காலம்வரை உழைக்கும். இப்போது அப்படி இல்லை. வானத்திலிருந்து வரும் ஜி.பி.எஸ். அலை இன்றும் இலவசம். ஆனால் அதிலுள்ள பிழையைத் திருத்திக் கொடுப்பதற்குப் பல இடங்களில் சந்தா. சொந்தமாகத் தரைக் கருவி வைத்துக்கொள்ள வசதி இல்லாதவர் சந்தா கட்டித்தான் ஆக வேண்டும். வரைபடம் போடும் சாப்ட்வேருக்கும் சந்தா.

டிரிம்பிள் வளர்ந்த வழியும் இதுதான். 2012-ல் கூகிள் கம்பெனியிடமிருந்து ஸ்கெட்ச்அப் என்ற வரைபட சாப்ட்வேரை வாங்கியது. 2018-ல் கட்டிட வேலைகளின் கணக்கு வழக்குப் பார்க்கும் வியூபாயிண்ட் என்ற கம்பெனியை 120 கோடி டாலருக்கு வாங்கியது. 2024-ல் உழவு இயந்திரக் கருவித் தொழிலில் பெரும் பங்கை ஆக்கோ கம்பெனிக்கு 200 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. கருவி விற்று வரும் பணத்தைவிட, ஆண்டுதோறும் தவறாமல் வரும் பணத்தின் மேல் கம்பெனிக்குப் பிரியம் அதிகமாகிவிட்டது. இப்போது சந்தா முதலியவற்றால் ஆண்டுக்கு 200 கோடி டாலருக்கு மேல் வருகிறது.

வியாபாரம் செய்பவருக்கு இது புத்திசாலித்தனம். பெரிய காண்டிராக்டருக்கும் தொந்தரவு இல்லை. அவருக்குப் புதிய கருவி உடனே கிடைக்கும். பழுதானால் மாற்றிக் கொடுப்பார்கள். ஒரே ஒரு புல்டோசர் வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் மூன்று மாதம் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பவரின் கதி என்ன? வேலை இல்லாத மாதத்துக்கும் சந்தா ஓடிக்கொண்டிருந்தால் அவர் எப்படிப் பிழைப்பார்? வேலை நடந்த நாளுக்கு மட்டும் கூலி போலக் கொடுக்கிற ஏற்பாடு அவருக்கு வேண்டும். பல கம்பெனிகளின் திருத்தம் எந்தக் கருவியிலும் வேலை செய்ய வேண்டும். பல ஊர்களில் அரசாங்கமே தரைக் கருவிகளை நிறுத்தி வைத்திருக்கிறது. அவற்றின் திருத்தத்தைச் சிறியவர்களுக்குக் குறைந்த செலவில் கொடுத்தால், அது பொதுக் கிணறு வெட்டியதற்கு ஒப்பான காரியம்.

வானம் கோபித்துக்கொண்ட நாள்

இந்த அளவெல்லாம் வானத்தை நம்பி நடக்கிறது. ராணுவத்தினர் முன்பு வேண்டுமென்றே பொது மக்களுக்கு வரும் அலையில் பிழையைக் கலந்து விட்டார்கள். அதனால் 100 மீட்டர்வரை தவறும். 2000-ம் ஆண்டு மே 2-ந் தேதிதான் அதை நிறுத்தினார்கள். 2011-ல் இன்னொரு சண்டை. லைட்ஸ்குவேர்ட் என்ற கம்பெனி, ஜி.பி.எஸ். அலைக்குப் பக்கத்து அலையில் செல்போன் சேவை நடத்தப் போவதாகச் சொன்னது. மெல்லப் பேசுபவரின் காதுக்குப் பக்கத்தில் தவில் வாசிப்பது போன்றது அது. டிரிம்பிளும் மற்றவர்களும் கூட்டாக எதிர்த்தார்கள். சோதனை செய்து பார்த்ததில் இடைஞ்சல் உண்டு என்று தெரிந்தது. 2012-ல் அரசாங்கம் கை விரித்துவிட்டது.

மனிதர் செய்யும் இடைஞ்சலை எதிர்த்து மனுப் போடலாம். சூரியனுக்கு எங்கே மனுப் போடுவது?

2024 மே 10-ந் தேதி சூரியனிலிருந்து பெரும் புயல் ஒன்று பூமியைத் தாக்கியது. இருபது வருஷமாக அப்படிப்பட்ட புயல் வந்ததில்லை. வானத்தில் வண்ண வண்ண ஒளி தோன்றியது. மக்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் அமெரிக்காவின் நடுப் பகுதியில் அது சோளம் விதைக்கும் காலம். ஜி.பி.எஸ். காட்டும் வழியில் ஓடிய டிராக்டர்கள் தடுமாறின. பலர் விதைப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். புல்டோசரில் இருப்பதும் அதே மாதிரிக் கருவிதான். ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவை அனுப்பிய கோள்களின் அலைகளையும் இன்றைய கருவிகள் பிடிக்கின்றன. ஒரு நாட்டின் கோள்கள் கெட்டால் அது உதவும். சூரியன் கோபித்தால் எல்லாக் கோள்களுக்கும் ஒரே கதிதான்.

நல்ல காண்டிராக்டர்கள் இதைத் தெரிந்தே நடக்கிறார்கள். எத்தனை விலை உயர்ந்த கருவி இருந்தாலும், வேலை நடக்கும் இடத்தில் சில புள்ளிகளைச் சிமிண்டு போட்டு, ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். அவற்றின் உயரத்தைச் சர்வேயர் பழைய முறையில் அளந்து எழுதி வைத்திருப்பார். காலையில் வேலை தொடங்குமுன் ஓட்டுநர் புல்டோசரை அங்கே கொண்டு போய், தகட்டின் நுனியை அந்த ஆணியின் தலையில் மெல்ல வைக்கிறார். திரையில் வரும் எண்ணையும், நோட்டில் எழுதிய எண்ணையும் ஒப்பிடுகிறார். இரண்டும் ஒத்திருந்தால் வண்டியைக் கிளப்புகிறார். ஒத்துவராவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டு, சர்வேயருக்கு ஆள் அனுப்புகிறார்.